மாஸ்டடான் 4.2-லிருந்து 4.5 வரை: அப்கிரேடில் எது உடையும், ஏன் உடையும்

யாரும் சொந்தச் சர்வரில் நடத்தி மற்ற சர்வர்களோடு பேசவைக்கக்கூடிய சமூக வலைத்தள மென்பொருள் மாஸ்டடான். அதில் புதுப் பதிப்பு வந்ததும் பேச்செல்லாம் மேலே இருக்கும் வசதிப் பட்டியலைப் பற்றித்தான் நடக்கும். மேற்கோள் பதிவு வந்துவிட்டது, நோட்டிஃபிகேஷன் கொத்துக்கொத்தாக வருகிறது என்று. சொந்தமாகச் சர்வர் நடத்துகிறவர் அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். முதலில் படிக்க வேண்டியது ரிலீஸ் நோட்ஸின் அடியில் இருக்கும் பகுதி. எந்த ரூபி, எந்த நோட், எந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அமைப்புகள் இருக்கும் என்.வி. ஃபைலில் புதிதாக எந்த வரி என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். சர்வர் படுப்பதும் அதனால்தான்.

2023 செப்டம்பரில் 4.2, 2024 அக்டோபரில் 4.3, 2025 ஜூலையில் 4.4, அதே ஆண்டு நவம்பரில் 4.5 வந்தன. இன்னும் 4.2-இல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இது.

முதலில் ஒரு வேறுபாடு. 4.3.1, 4.3.2 என்று மூன்றாவது எண் மட்டும் ஏறினால் அது பிழைத்திருத்தமும் பாதுகாப்பும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. 2023 ஜூலையில் வந்த 4.1.3 அப்படிப்பட்டது. விஷமமாகத் தயாரித்த ஒரு மீடியா ஃபைலை அனுப்பினால், அதைப் பதப்படுத்தும்போது மாஸ்டடான் சர்வரில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஃபைலை எழுதவைக்க முடிந்தது. 2024 பிப்ரவரி 1 அன்று வந்த 4.2.5 அதைவிட வினோதம். அனுப்பியவர் யார் என்ற சரிபார்ப்பில் இருந்த ஓட்டையால், தொலைவில் இருக்கும் எந்தக் கணக்கின் வேடத்தையும் போட்டுக்கொள்ள முடிந்தது. திருத்தம் வந்தாலும் விவரத்தை இரண்டு வாரம் வெளியிடாமல் வைத்திருந்தார்கள், அட்மின்கள் அதற்குள் மாறிக்கொள்ளட்டும் என்று. ஆக, மூன்றாவது எண் ஏறினால் அன்றைக்கே. இரண்டாவது எண் ஏறினால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகு. 4.2-லிருந்து, புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று சர்வரே பார்த்து அட்மினுக்கு மெயில் அனுப்புகிறது. ஆனால் மெயில் அனுப்பும் உங்கள் எஸ்.எம்.டி.பி. செத்துப்போயிருந்தால் அந்த மெயிலும் வராது. பல சர்வர்களில் அதுதான் நிலைமை.

அப்கிரேடு புரிய வேண்டுமானால் மாஸ்டடான் ஒரே புரோகிராம் இல்லை என்பது நினைவில் இருக்க வேண்டும். ரூபியின் ரெயில்ஸ் சட்டகத்தில் எழுதிய வெப், 3000-ஆம் போர்ட்டில். புதியதை உடனுக்குடன் திரைக்குத் தள்ளும், நோடில் எழுதிய ஸ்ட்ரீமிங், 4000-இல். பின்னணி வேலைகளுக்கு சைடுகிக். கீழே போஸ்ட்கிரெஸும், மெமரியில் தரவு வைக்கும் ரெடிஸும். தேடல் வேண்டும் என்றால் எலாஸ்டிக்சர்ச். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக உடையும். ஒன்று உடைந்தாலும் மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் தொல்லை. சைட் திறக்கிறது, ஆகவே அப்கிரேடு முடிந்தது என்று படுக்கப் போய்விடுவோம்.

வரிசை

முதலில் பேக்கப். நான்கு விஷயங்கள், முக்கியத்துவ வரிசையில்: போஸ்ட்கிரெஸ் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்), என்.வி. புரொடக்‌ஷன் ஃபைல், பயனர்கள் ஏற்றிய மீடியா, ரெடிஸின் டம்ப். இரண்டாவதைத்தான் ஆட்கள் மறப்பார்கள். டேட்டாபேஸ் முழுதும் கையில் இருந்து, ரகசியச் சாவிகள் இருக்கும் அந்தச் சின்ன ஃபைல் இல்லையென்றால் டூ-ஃபாக்டர் போட்டவர்கள் உள்ளே வர முடியாது, புஷ் நோட்டிஃபிகேஷன் போகாது. டம்பை எடுத்ததும் வேறொரு மெஷினில் ஒருமுறை ரெஸ்டோர் செய்து பார்த்துவிடுங்கள்.

பிறகு புதுப் பதிப்பின் டேகை செக்கவுட் செய்வது, ரூபி பதிப்பு மாறியிருந்தால் ஆர்.பி.என்வ் என்ற கருவி வழியாக அதை நிறுவுவது, ரூபி நூலகங்களுக்கு பண்டில் இன்ஸ்டால், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களுக்கு யார்ன் இன்ஸ்டால். ரூபியைப் புதிதாக நிறுவும்போது ஜெமலாக் என்ற மெமரி ஒதுக்கும் நூலகத்தைச் சேர்த்து கம்பைல் செய்ய மறந்தால் எதுவும் உடையாது. சைடுகிக் தின்னும் மெமரி மட்டும் நாளுக்கு நாள் ஏறும், ஏன் என்று தெரியாது.

அடுத்து மைக்ரேஷன், அதாவது டேட்டாபேஸின் அமைப்பைப் புதுப் பதிப்புக்கு மாற்றுவது. இது இரண்டு தவணையில் நடக்க வேண்டும், காரணம் தெரிந்தால் மறக்காது. ரெயில்ஸ் தொடங்கும்போதே ஒவ்வொரு டேபிளிலும் என்னென்ன காலம் (நெடுவரிசை) இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொள்ளும். பழைய கோடு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு காலத்தை நீக்கினால், அதற்கு அது தெரியாது. இல்லாத காலத்தைக் கேட்கும், 500 பிழை பொழியும். அதனால் மாஸ்டடானில் மைக்ரேஷன்கள் இரண்டு வகை. சேர்ப்பவை முதலில், நீக்குபவை கடைசியில். முதல் தவணையில் 'ஸ்கிப் போஸ்ட் டிப்ளாய்மென்ட் மைக்ரேஷன்ஸ்' என்ற மாறியை ட்ரூ என்று வைத்து டிபி மைக்ரேட் ஓட்டுங்கள். பிறகு அசெட்ஸ் பிரீகம்பைல் (பிரவுசருக்குப் போகும் ஃபைல்களை முன்கூட்டியே கட்டுவது), அடுத்து வெப், சைடுகிக், ஸ்ட்ரீமிங் மூன்றையும் ரீஸ்டார்ட். அதற்குப் பிறகு மாஸ்டடானின் கட்டளைக் கருவியான டூட்சிடிஎல் கொண்டு கேஷைக் காலி செய்து, அந்த மாறி இல்லாமல் மறுபடி டிபி மைக்ரேட். இந்த இரண்டாம் தவணையை விட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து, அடுத்த அப்கிரேடில், முடியாத பழைய மைக்ரேஷன் தலைதூக்கும்.

பிரீகம்பைல் சிறிய வி.பி.எஸ்-களின் (வாடகை மெய்நிகர் சர்வர்களின்) எமன். 2 ஜிபி ரேமில் வெப்பும் சைடுகிக்கும் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஜாவாஸ்கிரிப்ட் பில்டும் போட்டால், கர்னல் வந்து ஒன்றைக் கொன்றுவிடும். எக்ஸிட் கோடு 137 என்று வந்தால் அதுதான்: 128-உடன் 9, அதாவது கில் சிக்னல். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பார்த்தால் உறுதியாகும். 4 ஜிபி ஸ்வாப் சேர்த்துவிட்டு, அந்த நேரத்துக்கு சைடுகிக்கை நிறுத்திவிட்டு ஓட்டினால் மெதுவாகவாவது முடியும். பாதியில் செத்ததைக் கவனிக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் சைட் வெள்ளைப் பக்கமாக வரும். ஹெச்.டி.எம்.எல். வருகிறது, அது கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் டிஸ்கில் இல்லை.

4.3: மூன்று சாவி, தனி இமேஜ்

இந்தத் தொடரில் அதிகம் பேரைக் கவிழ்த்தது 4.3-தான். டூ-ஃபாக்டர் ரகசியங்களை டேட்டாபேஸில் பூட்டிவைக்கும் முறை மாறி, ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்டு என்கிரிப்ஷனுக்குப் போனது. அதற்கு மூன்று மதிப்புகள் வேண்டும்: பிரைமரி கீ, டிட்டர்மினிஸ்டிக் கீ, கீ டெரிவேஷன் சால்ட். இவை இல்லாமல் 4.3 தொடங்கவே மறுக்கும், மறுக்கும்போது காரணத்தையும் சொல்லும். 'டிபி என்கிரிப்ஷன் இனிட்' என்ற ரெயில்ஸ் டாஸ்க்கை ஓட்டினால் மூன்றும் திரையில் அச்சாகும். அவற்றை என்.வி. ஃபைலில் ஒட்ட வேண்டும்.

இங்கே தவறு எப்படி நடக்கிறது என்றால், அந்த டாஸ்க் ஒவ்வொரு முறையும் புதிய சாவிகளைத் தரும். வெப் ஒரு மெஷினிலும் சைடுகிக் இன்னொன்றிலும் இருந்தால், இரண்டிலும் தனித்தனியாக ஓட்டி இரண்டு வெவ்வேறு சாவிக்கொத்து வைத்துவிடுகிறார்கள். இரண்டும் நன்றாகத் தொடங்கும். ஒன்று பூட்டியதை மற்றது திறக்கும் சூழ்நிலை வரும்போதுதான் டிகிரிப்ஷன் பிழை வரும். ஒருமுறை மட்டும் ஓட்டுங்கள், எல்லா மெஷினுக்கும் அதையே பகிருங்கள், பேக்கப் எடுக்கும் இடத்தில் ஒரு நகல் வையுங்கள், அதற்குப் பிறகு தொடாதீர்கள். பழைய ஓ.டி.பி. சீக்ரெட் வரியையும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். பழைய பூட்டைத் திறந்து புதுப் பூட்டுக்கு மாற்றும் மைக்ரேஷனுக்கு அது வேண்டும். 4.2-லிருந்து நேரே 4.5-க்குத் தாவலாம், இடையில் வந்த ஒவ்வொரு பதிப்பின் குறிப்பையும் பின்பற்றினால். ஆனாலும் 4.3-இல் ஒரு நாள் இறங்கி, இரண்டாம் தவணை மைக்ரேஷனையும் முடித்து, டூ-ஃபாக்டர் போட்ட ஒரு கணக்கில் லாகின் செய்து பார்த்துவிட்டு மேலே ஏறுவது நிம்மதி.

தயாராகக் கட்டிய இமேஜ்களாக டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு பள்ளம். 4.2 வரை ஒரே இமேஜ், அதையே வெப்புக்கும் சைடுகிக்குக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் போட்டோம். 4.3-இல் ஸ்ட்ரீமிங் தனி இமேஜாகப் பிரிந்தது, பெயரின் முடிவில் ஸ்ட்ரீமிங் என்று இருக்கும். பிரதான இமேஜில் நோட் இல்லை. பழைய கம்போஸ் ஃபைலில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் ஸ்ட்ரீமிங் கன்டெய்னர் எழுந்து எழுந்து விழும். சைட் வேலை செய்யும், பதிவு போகும், வரும். ஆனால் ஹோம் தானாக ஓடாது, ரிஃப்ரெஷ் அடித்தால்தான் புதியது தெரியும். 'இப்போதெல்லாம் ஆப் மெதுவாக இருக்கிறது' என்று பயனர் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

டாக்கர் இல்லாதவர்களுக்கு யார்ன் மாற்றம். பழைய யார்ன் 1 போய், நோடோடு வரும் கோர்பேக் வழியாக யார்ன் 4 வந்தது. கோர்பேக்கை எனேபிள் செய்யாமல் விட்டால் பழைய யார்ன்தான் ஓடும், நூலகப் பதிப்புகள் குறித்திருக்கும் லாக் ஃபைல் அதற்குப் புரியாது.

வசதிகளில் இரண்டைச் சொல்லலாம். நோட்டிஃபிகேஷன் வடிகட்டி: நீங்கள் பின்தொடராதவர்கள், உங்களைப் பின்தொடராதவர்கள், 30 நாளுக்குள் தொடங்கிய கணக்குகள், கேட்காமல் வரும் தனிச்செய்திகள் என்று ஒவ்வொரு வகைக்கும் ஏற்கலாம், ஒதுக்கலாம், கண்டுகொள்ளாமல் விடலாம். ஸ்பேம் அலை வரும் நாளில் 30 நாள் விதி ஒன்றே பாதியைத் தடுத்துவிடும். இன்னொன்று எழுத்தாளர் பெயர். உங்கள் வலைப்பூவின் ஹெட் பகுதியில் 'ஃபெடிவர்ஸ் கிரியேட்டர்' என்ற மெட்டா டேகில் உங்கள் முகவரியைப் போட்டால், யார் அந்த இணைப்பைப் பகிர்ந்தாலும் கீழே உங்கள் பெயர் வரும். டேகை மட்டும் போட்டால் வராது. மாஸ்டடான் புரொஃபைல் அமைப்பில் அந்த டொமைனுக்கு அனுமதியும் தர வேண்டும். இல்லையென்றால் யாருடைய பெயரையும் யாரும் ஒட்டிவிடலாமே.

4.4: அடித்தளம் மாறியது

வெளியே பார்த்தால் 4.4 சாதாரணம். புரொஃபைலில் ஒரு புது டேப், சர்வர் விதிகளை மொழிவாரியாக எழுதும் வசதி. இந்த இரண்டாவது நம் சர்வர்களுக்கு நல்ல செய்தி. விதிகளைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என ஒரே வரியில் திணிக்கத் தேவையில்லை.

உள்ளே நடந்தது பெரியது. குறைந்தபட்சம் ரூபி 3.2, நோட் 20, போஸ்ட்கிரெஸ் 13. உபுண்டு 20.04-உடன் வந்தது போஸ்ட்கிரெஸ் 12, ஆகவே அங்கே முதலில் டேட்டாபேஸை உயர்த்த வேண்டும். ரெடிஸ் கதை இதைவிடச் சுற்றிவளைத்தது. ஒரே ரெடிஸை இரண்டு மூன்று ஆப்கள் பகிரும்போது சாவிப்பெயரின் முன்னால் ஒரு முன்னொட்டு சேர்ப்பதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். சைடுகிக் 7 அதை ஆதரிப்பதில்லை, ரெடிஸ் 6.2-க்குக் கீழே ஓடுவதும் இல்லை. 4.3 எச்சரித்தது, 4.4 நீக்கிவிட்டது. உபுண்டு 22.04-இன் சொந்த ரெடிஸ் 6.0 என்பதால் அங்கே வெளியிலிருந்து புதியதை நிறுவ வேண்டும்.

நேம்ஸ்பேஸ் வைத்திருந்தால் ஒழுங்கான வழி, முன்னொட்டோடு இருக்கும் சாவிகளையெல்லாம் ஸ்கேன் செய்து பெயர் மாற்றுவது. சின்னச் சர்வருக்கு இன்னொரு வழி உண்டு. வெப்பை நிறுத்தி, சைடுகிக் வரிசைகள் காலியாகும்வரை ஓடவிட்டு, நேம்ஸ்பேஸ் வரியை எடுத்துவிட்டுத் தொடங்கி, 'டூட்சிடிஎல் ஃபீட்ஸ் பில்ட்' ஓட்டி ஹோம் ஃபீடுகளைத் திரும்பக் கட்டிக்கொள்வது. ரெடிஸில் இருப்பது முக்கியமாக வேலை வரிசை, ஃபீடு, கேஷ். பதிவுகள் எல்லாம் போஸ்ட்கிரெஸில். இதில் தொலைவது பெரும்பாலும் ரீட்ரையில் காத்திருந்த வேலைகள்தான். முன்னொட்டை எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் தொடங்கினால் எல்லோருடைய ஹோமும் வெறுமையாகத் தெரியும், அன்றைக்கு உங்கள் இன்பாக்ஸ் நிறையும்.

ஜாவாஸ்கிரிப்டைக் கட்டும் கருவியான வெப்பேக் போய் வீட் வந்ததும் 4.4-இல்தான். சொந்தத் தீம் எழுதிவைத்தவர்கள், கோடில் கைவைத்துத் தனிக் கிளையாக ஃபோர்க் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் மெர்ஜ் மோதல் நிச்சயம். ஒரு லோகோவுக்காகவும் பட்டன் நிறத்துக்காகவும் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் இந்தச் சாக்கில் அதைக் கைவிடலாம். அட்மின் பக்கத்தில் சி.எஸ்.எஸ். எழுத இடம் இருக்கிறது, தொண்ணூறு சதத் தேவை அங்கேயே முடிந்துவிடும்.

4.5: அனுமதிச் சீட்டோடு மேற்கோள்

மேற்கோள் பதிவைப் பல ஆண்டுகள் வேண்டுமென்றே வைக்காமல் இருந்த மென்பொருள் இது. ஒருவர் பேச்சை எடுத்துக் கூட்டத்தின் முன் வைத்து நையாண்டி செய்ய அது வழிவிடும் என்பதுதான் காரணம். 4.4-இல் பிற சர்வர்களிலிருந்து வரும் மேற்கோளைக் காட்டத் தொடங்கி, 4.5-இல் எழுதவும் விட்டார்கள். செய்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது.

ஒரு பதிவை மேற்கோள் காட்டினால், உங்கள் சர்வர் அசல் பதிவின் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். அந்தப் பதிவில் யார் மேற்கோள் காட்டலாம் என்று எழுதியவர் வைத்திருப்பார்: எவரும், பின்தொடர்பவர்கள் மட்டும், யாரும் வேண்டாம். பொருந்தினால் அங்கிருந்து ஓர் அனுமதிச் சீட்டு வரும், அதற்கென்று தனி முகவரியோடு. உங்கள் பதிவு அந்த முகவரியைச் சுமந்துகொண்டு மற்ற சர்வர்களுக்குப் போகும். மூன்றாவது சர்வர் அந்த முகவரியில் சீட்டு இருக்கிறதா என்று அசல் சர்வரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கோளைக் காட்டும். எழுதியவர் பின்னால் மனம் மாறினால் சீட்டைக் கிழித்துவிடலாம், மேற்கோள் பெட்டி காலியாகும்.

அட்மினுக்கு இதில் என்ன? மேற்கோள் தெரியவில்லை என்று புகார் வந்தால் அது பெரும்பாலும் உங்கள் பிழையாக இராது. அசல் சர்வர் பழைய பதிப்பில் இருந்தால் சீட்டு வராது, ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகவே நிற்கும். படிப்பவர் பழைய சர்வரில் இருந்தால் மேற்கோள் பெட்டிக்குப் பதில் ஒரு இணைப்பு மட்டும் தெரியும். அந்த இணைப்பை உங்கள் சர்வர்தான் பதிவுக்குள் வைத்து அனுப்புகிறது, பழைய சர்வரில் இருப்பவர் ஒன்றும் புரியாமல் விழிக்கக் கூடாது என்று.

4.5-இன் இன்னொரு மாற்றம், உரையாடலின் மறுமொழிகளைப் பிற சர்வர்களிலிருந்து தேடிக் கொண்டுவருவது. இதுவரை சின்னச் சர்வரில் இருப்பவருக்கு ஒரு பதிவின் கீழ் நாலு மறுமொழி தெரியும், அசல் சர்வரில் நாற்பது இருக்கும். அந்தக் குறை பெருமளவு தீர்கிறது. விலை, வெளியிலிருந்து தரவை இழுக்கும் சைடுகிக்கின் புல் வரிசையில் கூடுதல் வேலை.

சைடுகிக் என்றதும் ஒரு பழைய கண்ணி. இயல்பாக அது எல்லா வரிசைகளையும் தானே பார்த்துக்கொள்ளும். பளு கூடியதும் நாம் அதைத் துண்டாக்கி, டிஃபால்ட்டுக்கு ஒரு புராசஸ், புஷ்ஷுக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று என்று, சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் எழுதிவைப்போம். 4.0-இல் வெளியிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் இன்கிரெஸ் என்ற வரிசை புதிதாக வந்தது. பெயர் சொல்லிப் பிரித்து வைத்தவர்களிடம் அதை எடுக்க ஆளே இல்லை. உங்கள் பதிவு உலகுக்குப் போகும், உலகிலிருந்து ஒன்றும் வராது, எங்கும் பிழைச் செய்தி இல்லை. அதனால் ஒவ்வொரு அப்கிரேடுக்கும் பிறகு சைடுகிக் பக்கத்தைத் திறந்து, வரிசைகளின் நீளத்தை விட லேட்டன்சியை, அதாவது வேலை காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். ஒரு வரிசை மட்டும் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் அதற்கு ஆள் இல்லை. ஷெட்யூலர் வரிசை மட்டும் ஒரே ஒரு புராசஸில்தான் இருக்க வேண்டும். புராசஸ் கூட்டும்போது த்ரெட் எண்ணிக்கைக்குத் தக்கபடி டிபி பூலையும் (டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு), போஸ்ட்கிரெஸின் இயல்பான 100 கனெக்‌ஷன் வரம்பையும் கணக்குப் போடுங்கள்.

மாஸ்டடானைத் தொடாமலே உடைவது

மைக்ரேஷன் பாதியில் நின்று, யூனிக் இன்டெக்ஸ் உருவாக்க முடியவில்லை என்று வந்தால் மாஸ்டடானைத் திட்ட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் எழுத்து வரிசையை சிஸ்டத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடமிருந்து வாங்குகிறது. ஜிலிப்சி 2.28-இல் அந்த வரிசை மாறியது. டெபியன் 9-லிருந்து 10-க்கோ, உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்கோ டேட்டாபேஸை அப்படியே கொண்டுபோனவர்களின் இன்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கியிருக்கும், தேடல் புது வரிசையில் நடக்கும். இருக்கும் கணக்கு இல்லை என்று தோன்றி, அதே கணக்கு இரண்டாவது முறை சேரும். டாக்கரில் போஸ்ட்கிரெஸ் இமேஜை ஆல்பைனிலிருந்து டெபியனுக்கு மாற்றினாலும் இதே ஆபத்து. எல்லாவற்றையும் நிறுத்தி, பேக்கப் எடுத்து, 'டூட்சிடிஎல் மெயின்டெனன்ஸ் ஃபிக்ஸ்-டூப்ளிகேட்ஸ்' ஓட்ட வேண்டும். சிஸ்டத்தை மாற்றிய உடனேயே ரீஇன்டெக்ஸ் செய்திருந்தால் இது வந்தே இராது.

தேடலைப் பற்றி ஒன்று. 4.2-லிருந்து, ஒப்புதல் தந்தவர்களின் பொதுப் பதிவுகளைச் சொல் கொண்டு தேடலாம், எலாஸ்டிக்சர்ச் இருந்தால். 'டூட்சிடிஎல் சர்ச் டிப்ளாய்' ஓட்டிக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாஸ்டடான் தரும் அமைப்பில் சொல்லை வேர்ச்சொல்லாக்கும் வேலை ஆங்கிலத்துக்கு மட்டும்தான். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்' இருக்கும் பதிவு வராது. வேற்றுமை உருபு ஒட்டாத சொல்லைத் தமிழில் எத்தனை வாக்கியத்தில் பார்க்கிறோம்? பயனர்களிடம் ஹேஷ்டேக் போடச் சொல்வதுதான் இப்போதைக்கு வழி. அந்த இன்டெக்ஸ் அமைப்பில் தமிழுக்கென்று யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால் மற்ற எல்லா வசதியையும் விட அது நமக்குப் பயன்படும்.

கடைசியாக, பின்வாங்குவது. டேட்டாபேஸ் ஒருமுறை புதுப் பதிப்புக்கு ஏறிவிட்டால் பழைய கோடுக்குத் திரும்ப நடைமுறையில் ஒரே வழி, டம்பை ரெஸ்டோர் செய்வதுதான். சாதாரண ஆப் என்றால் சில மணி நேரத் தரவு போகும், சரி. இங்கே அந்தச் சில மணி நேரத்தில் உங்கள் பயனர்கள் எழுதியது ஏற்கெனவே பல சர்வர்களுக்குப் போய்விட்டது. ரெஸ்டோருக்குப் பிறகு அவை அங்கே இருக்கும், உங்களிடம் இராது. எழுதியவர் அழிக்க நினைத்தாலும் அவருடைய பட்டியலில் அந்தப் பதிவே இல்லை, ஆக அழிப்புச் செய்தியும் போகாது. அதனால் டம்ப் எடுத்த நிமிடத்திலிருந்து புதுப் பதிப்பு சரியாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை வெப்பையும் சைடுகிக்கையும் நிறுத்தியே வையுங்கள். இரண்டு தவணை மைக்ரேஷன் இருக்கிறதே, நிறுத்தாமலே செய்யலாமே என்றால், மூன்றாவது எண் ஏறும்போது அப்படிச் செய்யுங்கள். 4.3 போன்ற ஒன்றுக்கு ஒரு மணி நேரம் சைட் மூடியிருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூடியிருக்கும் நேரத்தில் மற்ற சர்வர்கள் அனுப்பியது அங்கங்கே ரீட்ரை வரிசையில் காத்திருந்து, நீங்கள் எழுந்ததும் வந்து சேரும்.